சோறில்லாத தட்டில் எடை ஏற்றுவது

எடை குறைக்க நினைப்பவருக்கு ஆலோசனை சொல்லத் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். எடை ஏற வேண்டும், ஆனால் சோறு ஒத்துக்கொள்ளவில்லை என்று வருகிறவருக்குத்தான் சொல்ல ஆளில்லை. மதுரையில் குடல்நோய் மருத்துவர்களோடு சேர்ந்து வேலை பார்க்கும் டயட்டீஷியன் நான். என் நேரத்தில் பெரும்பங்கு சர்க்கரை நோய்க்கும் உடல் பருமனுக்கும் போய்விடுகிறது. இருந்தாலும் வீட்டுக்குப் போன பிறகும் நான் யோசித்துக்கொண்டிருப்பது அந்த மெலிந்தவர்களைப் பற்றித்தான். மோதிரம் விரலில் நிற்காமல் நூல் சுற்றிப் போட்டிருப்பார்கள். ஜாக்கெட்டை மூன்றாம் முறையாகப் பிடித்துத் தைத்திருப்பார்கள். கையில் தடித்த ஃபைல் இருக்கும். அவர்கள் சொல்வதும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: "இட்லி தின்னாலும் வயிறு ஊதுது மேடம். சோத்தை விட்டேன், வயிறு அமைதியா இருக்கு. ஆனா ஆளு உருகிக்கிட்டே போறேன்."

என் தொழிலில் இதைவிடக் கடினமான முடிச்சு குறைவு. வயிற்றை அமைதிப்படுத்தும் அதே உணவுமுறை உடம்பைக் கரைக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் சரிசெய்ய வேண்டும்.

மாவுச்சத்து செரிக்கும் வழியைத் தெரிந்துகொண்டால் எங்கே தடுக்கிறது என்பது புரியும். உமிழ்நீரிலும் கணைய நீரிலும் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி, மாவுச்சத்தின் நீண்ட சங்கிலியைச் சிறு துண்டுகளாக்குகிறது. கடைசி வெட்டு சிறுகுடலின் உட்சுவரில் நடக்கிறது. அங்கே சுக்ரேஸ்-ஐசோமால்டேஸ், மால்டேஸ்-குளுக்கோஅமைலேஸ் என்று இரண்டு நொதிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவை துண்டுகளைக் குளுக்கோஸாக்கினால்தான் இரத்தத்தில் சேரும். குடல் சுவர் புண்ணாகிப்போனால், கணையம் சுரக்காவிட்டால், பிறவியிலேயே நொதி குறைவாக இருந்தால், செரிக்காத மாவு கீழே இறங்கி நுண்ணுயிர்களுக்கு இரையாகிறது. அவை அதைப் புளிக்கவைக்கும்போது வாயு, வலி, நீர்ப்போக்கு எல்லாம் வரும். சிலருக்குப் பெருங்குடலில் இருக்க வேண்டிய நுண்ணுயிர்கள் சிறுகுடலுக்கே ஏறிக் குடியிருக்கும். அவர்களுக்குச் சாப்பிட்டு எழுந்திருக்கும் முன்பே வயிறு உப்பிவிடும்.

உணவுப் பட்டியல் எழுதுவதற்கு முன் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஏன் மெலிந்தீர்கள் என்று மருத்துவர் கண்டுபிடித்துவிட்டாரா? நம் நாட்டில் குடல் காசநோய் இன்னும் இருக்கிறது. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் அது உட்கார்ந்துகொண்டால் வயிற்றுவலி, மாலைக் காய்ச்சல், எடை இழப்பு என்று கிரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோயைப் போலவே தோன்றும். அதற்கு வேண்டியது காசநோய் மருந்து, சோற்றை நிறுத்துவதல்ல. சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளைஞர் யார் யாரோ சொன்னதைக் கேட்டு முதலில் கோதுமை, பிறகு அரிசி, பிறகு பால் என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்திருந்தார். அவருக்கு நான் உணவுப் பட்டியல் எழுதவே இல்லை, கொலோனோஸ்கோபிக்கு அனுப்பினேன். காசநோய் என்று தெரிந்தது. மருந்து தொடங்கிய பிறகு வீட்டுச் சோற்றிலேயே அவர் உடம்பு தேறியது.

கணையத்தில் கல் சேர்ந்து அது சுருங்கிப்போகும் நோய் தென்னிந்தியாவில், குறிப்பாகக் கேரளத்தில், நெடுங்காலமாக மருத்துவர்கள் பார்த்துவருவது. இளம் வயதிலேயே வரும், கூடவே சர்க்கரை நோயையும் கொண்டுவரும். 1960களில் வேலூரைச் சுற்றியிருந்த கிராமங்களில் ஸ்ப்ரூ என்ற குடல்நோய் கொள்ளைநோய் போலப் பரவியபோது, சி.எம்.சி. மருத்துவமனையின் பேக்கரும் மத்தானும் ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தார்கள். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் எலும்பும் தோலுமாகிப்போனவர்களுக்கு அந்த நோயில் உதவியவை ஃபோலிக் அமிலமும் பி12-உம் டெட்ராசைக்ளினும். இவற்றையெல்லாம் நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. மெலிவுக்கு மாவுச்சத்து ஒன்றே குற்றவாளி என்று முடிவு கட்டிக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். அந்த முடிவு தவறாக இருந்தால் மாதங்கள் வீணாகும், சில நோய்களில் உயிருக்கே ஆபத்து.

காரணம் தெரிந்து, மாவுச்சத்தைச் சில காலம் நிறுத்தத்தான் வேண்டும் என்று மருத்துவரும் ஒப்புக்கொண்ட பிறகே என் வேலை தொடங்குகிறது.

நம் சாப்பாட்டில் சோறு என்பது ஒரு வண்டி. நெய், பருப்பு, குழம்பு, ரசம், தயிர், பொரியல், மீன் எல்லாம் அதில் ஏறித்தான் வயிற்றுக்குப் போகின்றன. வண்டியை நிறுத்தினால் சரக்கும் நின்றுவிடும். சோற்றை விட்டவர் நெய்யை எதில் ஊற்றுவார்? குழம்பை எதில் பிசைவார்? கிண்ணத்தில் சுரைக்காய்க் கூட்டும், இரண்டு கரண்டி கீரையும், ஒரு தம்ளர் மோரும் சாப்பிட்டுவிட்டு வயிறு நிறைந்தது என்று எழுந்துவிடுகிறார். வயிறு நிறைந்திருக்கலாம், உடம்புக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நூறு கிராம் அரிசியில் ஏறத்தாழ 350 கலோரி இருக்கிறது. ஒரு நாளைக்கு முந்நூறு கிராம் அரிசியைச் சோறாகவும் இட்லியாகவும் சாப்பிட்டவர், அதை நிறுத்திய அன்றே ஆயிரம் கலோரிக்கு மேல் இழக்கிறார். நூறு கிராம் சுரைக்காயில் இருபது கலோரிகூட இல்லை. இந்தக் கணக்கை நோட்டில் எழுதிக் காட்டியதும் பல குடும்பங்கள் அப்படியே மௌனமாகிவிடும். மெலிவுக்குக் காரணம் நோய் மட்டுமில்லை, பட்டினியும்தான் என்பது அப்போதுதான் தெரிகிறது.

முதல் வாரத்தில் எடை சடாரென்று இறங்குவதைப் பற்றியும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை இருக்கிறது. ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்துவைத்திருக்கும். மாவுச்சத்து நின்றால் அந்தச் சேமிப்பு கரையும், நீரும் போகும். ஒன்றரை, இரண்டு கிலோ இப்படிப் போவது கொழுப்போ தசையோ அல்ல. இதை முன்பே சொல்லாவிட்டால் பயந்துபோய் மூன்றாம் நாளே தட்டு நிறையச் சோற்றைப் போட்டுக்கொள்வார்கள், வயிறும் பழைய நிலைக்குப் போய்விடும்.

இழந்த ஆயிரம் கலோரியை எங்கிருந்து எடுப்பது? பதில் சமையலறையிலேயே இருக்கிறது. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு நான்கு கலோரி தரும், கொழுப்பு ஒன்பது தரும். அதனால் மாவு இல்லாத உணவில் எடை ஏற்றும் பொறுப்பு பெரும்பாலும் கொழுப்பின் மேல் விழுகிறது. தசையைக் கட்டும் பொறுப்பு புரதத்துக்கு. ஒரு மேசைக்கரண்டி நெய்யில் சுமார் 120 கலோரி. ஒரு தம்ளர் கெட்டியான முதல் தேங்காய்ப்பாலில் ஏறத்தாழ 400. ஒரு முட்டையில் 70 கலோரியும் ஆறு கிராம் புரதமும். நூறு கிராம் நிலக்கடலையில் 560-க்கு மேல் கலோரியும் இருபத்தைந்து கிராம் அளவுக்குப் புரதமும். மத்தி, அயிலை போன்ற எண்ணெய் மீன்களில் இரண்டும் சேர்ந்தே கிடைக்கும்.

ஆனால் எண்களைச் சொன்னால் யாரும் சாப்பிட மாட்டார்கள், சமையலைச் சொன்னால்தான் சாப்பிடுவார்கள். எனக்கு இதில் பெரிதும் கைகொடுப்பது திருநெல்வேலிச் சொதி. உருளைக்கிழங்கையும் பாசிப்பருப்பையும் எடுத்துவிட்டு, முருங்கைக்காய், பீன்ஸ், கத்தரிக்காய் போட்டு, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி இறக்கினால் அது ஊற்றிச் சாப்பிடும் குழம்பு என்பதிலிருந்து கிண்ணத்தில் எடுத்துக் குடிக்கும் சாப்பாடாகிவிடும். அதில் இரண்டு அவித்த முட்டையை வெட்டிப் போட்டால் ஒரு வேளை உணவு முழுமையாகிறது. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அதே பாலில் மீன். அவியலில் சேனையையும் வாழைக்காயையும் தவிர்த்து, தேங்காயை இரட்டிப்பாக்கி, தேங்காய் எண்ணெயைத் தாராளமாக ஊற்றச் சொல்வேன். குழம்பைத் தண்ணியாக வைக்காமல் கூட்டுப் பதத்துக்கு வற்றவைக்கச் சொல்வேன். ஆட்டுக்கால் சூப்பை எல்லோரும் பலம் தரும் என்று நம்புகிறார்கள். அது நீரும் உப்பும் தரும், வாய்க்கு ருசி தரும். எடையை ஏற்றுவது கூடவே வெந்த இறைச்சிதான். அதையும் மென்று சாப்பிட வேண்டும்.

பாதாமைத் தோலுரித்து மாவாக்கி, முட்டை அடித்து ஊற்றி, தோசைக்கல்லில் சிறிய அடைகளாக வார்த்துக் கொடுத்தால் காலை நேரத்து ஏக்கம் பாதி தீரும். தோசைக்கல்லில் எதையாவது வார்த்து, சட்னி தொட்டுச் சாப்பிட்டால்தான் காலை உணவு என்று நம்புகிற வீடுகள் நம்முடையவை. அந்தச் சட்னியில் பொட்டுக்கடலை கூடாது, அது கடலைப்பருப்பு, மாவு நிறைந்தது. தேங்காயும் நிலக்கடலையும் போதும். நிலக்கடலையில் மாவு கொஞ்சம்தான், பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். முந்திரியில் அதைவிட அதிகம் என்பது பலருக்குத் தெரியாது. குருமாவை முந்திரி அரைத்துக் கெட்டியாக்கும் வீடுகளில் அதை எள்ளுக்கும் தேங்காய்க்கும் மாற்றச் சொல்வேன்.

சைவக் குடும்பங்களில் வேலை அதிகம், ஆனால் முடியாததல்ல. பனீர், நெய், வெண்ணெய், எள், தேங்காய், பாதாம், நிலக்கடலை, கொடைக்கானல் மலைச்சரிவுகளில் விளையும் வெண்ணெய்ப்பழம், இவற்றோடு நன்றாகப் புளித்த தயிர். பாலைக் காய்ச்சி ஆறவைத்து உறை ஊற்றி, இளஞ்சூட்டிலேயே இருபத்துநான்கு மணிநேரம் வைத்தால் பாலிலுள்ள லாக்டோஸ் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பால் ஒத்துக்கொள்ளாத பலர் இந்தத் தயிரைத் தாங்குகிறார்கள். மதுரை வெயிலில் புளிப்பு ஏறத்தான் செய்யும். கொஞ்சம் தேங்காய்ப்பால் கலந்து, கடுகு தாளித்துச் சாப்பிட்டால் புளிப்பு மட்டுப்படும்.

கொழுப்பைக் கூட்டுவதில் அவசரம் கூடாது. முதல் நாளே தம்ளர் நிறையத் தேங்காய்ப்பால் குடித்து, மறுநாள் பேதியாகி, "எனக்கு எதுவுமே ஒத்துக்காது" என்று மனம் விட்டவர்கள் இருக்கிறார்கள். நான் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு தேக்கரண்டி நெய்யோ எண்ணெயோ என்று தொடங்குவேன். மூன்று நாலு நாள் வயிறு சும்மா இருந்தால் இன்னொரு தேக்கரண்டி. இடையில் மலத்தைக் கவனிக்கச் சொல்வேன். கேட்கக் கூச்சப்படுகிறார்கள், சொல்லவும் கூச்சப்படுகிறார்கள், ஆனால் எனக்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. வெளிறிப்போய், எண்ணெய்ப் பிசுக்கோடு, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் மிதந்தால் கொழுப்பு செரிக்கவில்லை என்று பொருள். அப்போது கணையமோ பித்தமோ சரியாக வேலை செய்யவில்லை என்று மருத்துவரிடம் திருப்பி அனுப்புவேன்.

கணைய நோயாளிகளுக்குத் தரப்படும் நொதி மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்போ பின்போ விழுங்கிவிட்டுப் பயனில்லை என்று சொல்கிறவர்களும் உண்டு. அது சாப்பாட்டோடு சேர்ந்து போக வேண்டிய மருந்து. முதல் வாயோடு தொடங்கி, சாப்பாடு நீண்டால் பாதியில் இன்னொன்று என்று மருத்துவர் சொன்ன அளவில் எடுத்தால்தான் உணவோடு கலந்து வேலை செய்யும். இதை மாற்றியதுமே எடை ஏறத் தொடங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், உணவில் ஒன்றையும் மாற்றாமலே. அப்படியும் கொழுப்பு செரிக்காதவர்களுக்கு எம்.சி.டி. எண்ணெய் உண்டு. அதிலுள்ள நடுத்தரச் சங்கிலிக் கொழுப்புக்குப் பித்தத்தின் உதவி அதிகம் தேவையில்லை. தேங்காய் எண்ணெயே எம்.சி.டி. தானே என்று கேட்பார்கள். அதில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம். எளிதில் உறிஞ்சப்படும் எட்டு, பத்து கார்பன் கொழுப்புகள் அதில் சிறு பங்குதான். நல்ல எண்ணெய்தான், ஆனால் அந்த மருந்துக்கு ஈடாகாது.

மாவில்லா உணவுமுறையின் வரலாறு வாழைப்பழத்தில் தொடங்குகிறது. சீலியாக் நோயால் குழந்தைகள் வயிறு உப்பி, கைகால் சூம்பிச் செத்துக்கொண்டிருந்த காலத்தில், நியூயார்க்கின் குழந்தை மருத்துவர் சிட்னி ஹாஸ் 1924-இல் வாழைப்பழ உணவால் குழந்தைகள் தேறியதை எழுதினார். ரொட்டியும் கிழங்கும் கிடையாது, பழுத்த வாழைப்பழம் உண்டு. குழந்தைகள் சதை போட்டார்கள். மாவுச்சத்துதான் எதிரி என்று அவர் நம்பினார். நெதர்லாந்தில் வில்லம் டிக்கே என்ற மருத்துவர் போர்க்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காதபோது அதே நோயுள்ள குழந்தைகள் தேறுவதைக் கண்டு, குற்றவாளி கோதுமைதான் என்று 1950-இல் நிறுவினார். ஹாஸ் நீக்கியவற்றில் கோதுமையும் இருந்ததால்தான் அவர் குழந்தைகள் பிழைத்தார்கள். அரிசியை அவர்களுக்கு மறுத்திருக்க வேண்டியதில்லை.

ஆனாலும் ஹாஸின் முறை மறையவில்லை. எலைன் காட்ஷால் என்ற தாய், பெருங்குடல் புண்ணால் அவதிப்பட்ட தன் மகளை 1958-இல் அவரிடம் கூட்டிப்போனார். மகள் குணமானதைக் கண்டு, பிறகு தானே உயிர்வேதியியல் படித்துப் புத்தகமும் எழுதினார். இன்று எஸ்.சி.டி. என்று உலகம் முழுவதும் அறியப்படுவது அந்த முறைதான். லண்டனில் ஆலன் எப்ரிங்கர் முதுகெலும்பு இறுகும் அன்கைலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ் நோய்க்கு, குடலிலுள்ள கிளெப்சியெல்லா நுண்ணுயிருக்கு இரை கிடைக்காமல் இருக்க மாவு குறைத்த உணவைப் பரிந்துரைத்தார். அந்த நோயாளிகளும் என்னிடம் வருகிறார்கள். மூட்டுவலி குறைந்ததாகச் சிலர் சொல்கிறார்கள், எடை குறைந்ததாக எல்லோரும் சொல்கிறார்கள்.

இதில் என் தீர்ப்பு என்ன என்று கேட்பவர்களிடம் 2021-இல் வெளியான அமெரிக்க ஆய்வைச் சொல்வேன். கிரோன்ஸ் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு எஸ்.சி.டி. உணவும், மற்றவர்களுக்கு ரொட்டியும் பருப்பும் உள்ள மத்தியதரைக் கடல் உணவும் கொடுத்தார்கள். ஆறு வாரத்தில் அறிகுறி தணிந்தவர்கள் முதல் பிரிவில் 46.5 சதவீதம், இரண்டாவதில் 43.5 சதவீதம். பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே மாவில்லா உணவு சிலருக்குச் சில காலத்துக்கு உதவும் கருவி. அதை வாழ்நாள் விரதமாக ஆக்கிக்கொள்வதை நான் ஆதரிப்பதில்லை. எடை குறைந்த உடம்பில் அப்படிச் செய்வதை எதிர்க்கவே செய்கிறேன்.

வாழைப்பழத்துக்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் எடை ஏற்ற இது பெரிய துணை. காயில் இருப்பது பெரும்பாலும் மாவு. பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாகிறது. தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த பூவனிலும் மோரிஸிலும் மாவு மிகக் குறைவு. நேந்திரன் பழுத்த பிறகும் மாவைக் கணிசமாகப் பிடித்துவைத்திருக்கும், வயிற்றுக்காரர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். பிறவியிலேயே சுக்ரேஸ் நொதி இல்லாதவர்களுக்கோ எந்த வாழைப்பழமும் ஆகாது. அவர்களுக்கு மாவைப் போலவே கரும்புச் சர்க்கரையும் எதிரி, பழுத்த வாழையில் அந்தச் சர்க்கரை இருக்கிறது. இப்படி ஆளுக்கு ஆள் மாறுவதால்தான் அடுத்த வீட்டுக்காரரின் பட்டியலைக் கேட்டு நடக்காதீர்கள் என்கிறேன்.

எல்லாம் சரியாகச் செய்தும் வயிறு உப்புகிறது என்று வருகிறவரின் அஞ்சறைப்பெட்டியைக் கொண்டுவரச் சொல்வேன். கடையில் வாங்கும் கூட்டுப்பெருங்காயத்தில் கோதுமை மாவோ அரிசி மாவோ கலந்திருக்கும், டப்பாவின் பின்புறத்தில் அச்சிட்டே இருக்கும். கோதுமை கலந்ததென்றால் சீலியாக் நோயாளிக்கு அந்தச் சிட்டிகையே கேடு. சாம்பார்ப் பொடியில் பருப்பும் சில வீடுகளில் அரிசியும் சேரும். பேக்கிங் பவுடர், ஐஸ்கிரீம், ஹோட்டல் கிரேவி எல்லாவற்றிலும் சோளமாவு இருக்கலாம். வயிற்றுக்கு என்று விழுங்கும் மாத்திரையிலேயே மாவு கட்டுப்பொருளாக இருக்கும். அது அளவில் சிறிது, அதற்காக மருந்தை நிறுத்த வேண்டாம் என்றும் சொல்லிவிடுவேன்.

என் மேசையில் ஒரு சிறு குப்பி அயோடின் உண்டு. மாவு இருந்தால் கருநீலமாகும், இல்லாவிட்டால் பழுப்பாகவே நிற்கும். வீட்டிலிருக்கும் போவிடோன் அயோடினைத் தண்ணீரில் கலந்தும் இதைச் செய்யலாம். பனீரில் மாவுக் கலப்படத்தைக் கண்டுபிடிக்க உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லித்தரும் சோதனை இது. சோதித்த துண்டைத் தூக்கிப்போட்டுவிட வேண்டும். நோயாளிகள் வாழைப்பழத்திலும் மஞ்சள் பொடியிலும் சொட்டுவிட்டுப் பார்த்து, மஞ்சள் கறுத்ததும் பயந்து ஓடிவருவார்கள். மஞ்சள் ஒரு கிழங்கு, அதில் மாவு இருப்பது இயல்பு. கால் தேக்கரண்டி மஞ்சளால் யாருக்கும் வயிறு கெடுவதில்லை. சோதனை ஒரு பொருளில் மாவு இருக்கிறதா என்று சொல்லும், உங்கள் வயிறு அதைத் தாங்குமா என்று சொல்லாது.

மாவை முழுவதும் நீக்கியும் உப்புசம் தீராதவர்களில் கணிசமானோருக்குக் காரணம் வெங்காயமும் பூண்டும். அவற்றிலுள்ள ஃப்ரக்டான் மாவுச்சத்தே அல்ல, மனிதக் குடலில் அதைச் செரிக்கும் நொதியே கிடையாது. கோதுமையிலும் அது இருக்கிறது. கோதுமையை விட்டதும் வயிறு சரியானதால் மாவுதான் காரணம் என்று நினைத்து அரிசியையும் விட்டவர்கள் எத்தனையோ பேர். அரிசிதான் தானியங்களில் வாயு மிகக் குறைவாக உண்டாக்குவது. 1987-இல் அமெரிக்காவில் லெவிட் குழுவினர் கோதுமை, உருளை, சோளம், அரிசி என்று கொடுத்து மூச்சுக்காற்றில் ஹைட்ரஜனை அளந்தபோது அரிசியில்தான் கிட்டத்தட்ட ஒன்றும் ஏறவில்லை. இப்படிப்பட்டவர்களிடம் நான் முதலில் வெங்காயத்தை நிறுத்தி, சோற்றைத் திருப்பிக் கொடுத்துப் பார்ப்பேன். "சோறு சாப்பிடலாமா மேடம்?" என்று கேட்கும்போதே சிலருக்குக் கண் கலங்கிவிடும்.

சோற்றை மறுப்பது நம் வீடுகளில் சாதாரண விஷயமில்லை. விருதுநகர்ப் பக்கத்து மருமகள் ஒருத்திக்கு மாவில்லா உணவு எழுதிக் கொடுத்தபோது, கூட வந்த மாமியார் என்னிடம் சண்டைக்கே வந்தார். "சோறு தின்னாத பிள்ளை எப்படிம்மா தேறும்? நீங்க படிச்சவங்க, இப்படிச் சொல்லலாமா?" அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. நானும் கணக்கு நோட்டைத் திறந்து, சோற்றில் போவது எவ்வளவு, தேங்காயிலும் முட்டையிலும் வருவது எவ்வளவு என்று காட்டினேன். பிறகு அந்த மருமகளின் தேங்காய்ப்பாலைத் தினமும் பிழிந்து கொடுத்தவர் அந்த மாமியார்தான். சமைக்கிறவரின் நம்பிக்கையைப் பெறாமல் எந்த உணவுப் பட்டியலும் ஒரு வாரத்துக்கு மேல் நிற்பதில்லை. கல்யாண வீடு, காதுகுத்து, துக்க வீடு என்று எங்கே போனாலும் இலையில் சோறுதான். கிளம்பும் முன் வீட்டிலேயே சாப்பிட்டுவிடுங்கள், கையில் நிலக்கடலையும் பேரீச்சம்பழமும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்புவேன்.

சாப்பாட்டை மூன்று வேளையில் அடைக்க முடியாது. வீங்கிய வயிறு ஒரே நேரத்தில் அதிகம் தாங்காது. ஆறு சிறிய வேளைகள், அதில் கடைசி வேளை படுப்பதற்கு இரண்டு மணிநேரம் முன்பு. வேளைக்கு வேளை ஏதாவது புரதம். எடைக்கேற்ப கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் நாளொன்றுக்குப் போக வேண்டும், சிறுநீரகம் சரியாக இருந்தால். அன்றாடச் செலவைவிட 500 கலோரி கூடுதலாகப் போனால் வாரத்துக்கு அரைக்கிலோ ஏறும் என்பது புத்தகக் கணக்கு. புண்பட்ட குடலில் கால்கிலோ ஏறினாலே நான் மகிழ்வேன். தராசை மட்டும் நம்பாமல் மேற்கையின் சுற்றளவையும் டேப்பால் அளப்பேன். வயிறு மட்டும் பெருத்துக் கை அப்படியே இருந்தால் நாம் ஏற்றியது தசையல்ல. உட்கார்ந்து எழுதல், தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குதல், மாடிப்படி ஏறுதல் போன்ற சிறு பயிற்சிகளையாவது செய்தால்தான் புரதம் தசையாகச் சேரும்.

இரண்டு ஆபத்துகளைச் சொல்லாமல் இருக்க முடியாது. மிக மெலிந்து, பல நாட்கள் சரியாகச் சாப்பிடாத உடம்பில் திடீரென்று நிறைய உணவைக் கொட்டினால் இரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் மக்னீசியமும் சரிந்து இதயமே நின்றுபோகக்கூடும். உடல் நிறை குறியீடு 16-க்குக் கீழே இருப்பவர்களுக்கு வீட்டில் நெய்யூற்றி எடை ஏற்றும் வேலையை நான் தொடங்குவதே இல்லை. அவர்களை மருத்துவமனையில் சேர்த்து, தயமின் கொடுத்து, இரத்தம் பார்த்துப் பார்த்துத்தான் உணவைக் கூட்ட வேண்டும். இன்னொன்று, இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றை நிறுத்தினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிழ நேரும். கணைய நோயாளிகளில் பலர் இன்சுலினில் இருப்பவர்கள் என்பதால் இதை ஒவ்வொருவரிடமும் கேட்டுவிடுகிறேன். சிறுகுடலின் கடைப்பகுதி நோயுற்றவர்களுக்கும் வெட்டி எடுக்கப்பட்டவர்களுக்கும் பி12 ஊசி தேவைப்படலாம். எவ்வளவு நல்ல உணவும் அதை ஈடுசெய்யாது.

வயிறு சில வாரங்கள் அமைதியாக இருந்து, கைச் சுற்றளவு கூடத் தொடங்கியதும் சோற்றைத் திரும்பக் கொண்டுவரும் வேலையை ஆரம்பிப்பேன். மதிய வேளையில், குழைய வடித்த சூடான சோறு இரண்டு கரண்டி, நெய்யோடு. ஆறிப்போன சோற்றிலும் பழைய சோற்றிலும் மாவின் ஒரு பகுதி செரிமானத்துக்கு அடங்காததாக இறுகிவிடும். நலமான குடலுக்கு அது நல்லது, புண்பட்ட குடலுக்கு அது பிறகு. மூன்று நாள் பார்த்து, ஒன்றும் இல்லையென்றால் இன்னொரு கரண்டி. பருப்பும் கிழங்கும் கடைசியில். பெரும்பாலோருக்கு ஏதோ ஓர் அளவு சோறு திரும்பக் கிடைக்கிறது. அந்த அளவைக் கண்டுபிடிப்பதுதான் இந்தச் சிகிச்சையின் பாதி.

இதைப் படிக்கும் உங்களில் யாராவது வயிற்றுக்காகச் சோற்றை விட்டு, இப்போது மெலிந்துகொண்டிருந்தால், இன்றிலிருந்து ஒரு வாரம் சாப்பிடுவதையெல்லாம் அளவோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். மலம், வலி, உப்புசம், எடை எல்லாவற்றையும் அதன் பக்கத்திலேயே குறியுங்கள். அந்த நோட்டோடு முதலில் குடல்நோய் மருத்துவரையும், அவர் காரணத்தைச் சொன்ன பிறகு ஓர் உணவியலாளரையும் பாருங்கள். மலத்தில் இரத்தம், இரவில் எழுப்பும் வயிற்றுப்போக்கு, விட்டுவிட்டு வரும் காய்ச்சல் இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த ஒரு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.